தெப்பக்குளத்துப் பெரியவருக்கு நன்றி

வண்டியூர் தெப்பக்குளச் சுவரோரம் தம்பியின் பம்பரத்தைச் சரிசெய்து கொடுத்த பெரியவரே, பெயர் கேட்க விட்டுப்போனது. மன்னிக்கவும், ரொம்ப நன்றி.

பம்பரம் தத்தினால் தம்பியின் கையைக் குறை சொல்வதுதான் அண்ணன்மார் வழக்கம். நீங்கள் ஆணியைப் பார்த்தீர்கள். ஆணி நடு விலகியிருந்தால் எவ்வளவு வேகமாக விட்டாலும் தள்ளாடும். கட்டையில் நேரே அறைந்தால் பிளந்துவிடும் என்று, பழைய ஆணியைப் பிடுங்கி, மெல்லிய துளை போட்டுப் புதிதை இறக்கினீர்கள். வெளியே அரை அங்குலம்தான். அதற்குமேல் நீட்டினால் சீக்கிரம் சாயும். முனையையும் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினீர்கள். கூர் இருந்தால் மண்ணில் குத்திக்கொண்டு நின்றுவிடுமே!

பம்பரம் சுற்றும் கயிறான சாட்டைதான் பெரிய பாடம். அண்ணனின் இரண்டு முழக் கயிறு சின்னக் கைக்கு நீளம், ஒன்றரை முழம் போதும். நுனியைத் தண்ணீரில் நனைத்து, ஆணியிலிருந்து மேலே, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஏறினால் கயிறு சிக்கிப் பம்பரம் தலைகீழாக விழும். மறுமுனை முடிச்சு விரலிடுக்கில். வீசியதும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். (எச்சில் தொட்டுச் சுற்றுவதை நிறுத்தச் சொன்னதற்குத் தனி நன்றி.)

அபீட் எடுக்க (சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்க) மட்டும் தம்பிக்கு இன்னும் வரவில்லை.