வெள்ளத்துக்குப் பின் பன்னாட்டுச் சிலம்பச் சந்திப்பு

ஐயா,

வெள்ளம் பாதித்த நெல்லையில் பன்னாட்டுச் சிலம்பச் சந்திப்பை நடத்துவது பொருத்தமா என்று கேட்டிருந்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நிச்சயம் நடத்த வேண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் மட்டும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதையும், செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கித் தவித்ததையும் நாம் மறந்துவிட முடியாது. அந்நிலையில் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இங்கிருந்தால் அவர்களை எங்கே தங்கவைத்திருப்போம்?

தாமிரபரணிக் கரையோர ஊரொன்றில் சிலம்பம் கற்பிக்கும் எனக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கின்றன. எங்கள் மாணவர்கள் கம்பினால் தெருவில் ஓடிய நீரின் ஆழத்தைப் பார்த்துப் பார்த்து முதியவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். நாங்கள் பயிற்சி செய்யும் அதே பள்ளிதான் நிவாரண முகாமாகவும் இருந்தது. வெளியூர் அணிகளைத் தங்கவைப்பதற்கென அத்தகைய கட்டடங்களை மழைக்காலத்தில் முன்பதிவு செய்வது, இக்கலையை வளர்த்த கிராமங்களுக்கே இழைக்கும் அநீதியாகும். ஆகவே, பொங்கலுக்குப் பின், பள்ளித் தேர்வுகளுக்கு முன்பாக, பிப்ரவரியில் தேதியை நிச்சயித்து, விசா பெற அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே அறிவித்து, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை வண்டல் மூடிய கிராமப் பயிற்சிக் களங்களைச் சீரமைக்க மாவட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும்.

– ஒரு சிலம்ப ஆசான், திருநெல்வேலி