பத்துக்கு எத்தனை? சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு,

வணக்கம். கால்பந்து சீசன் முடிந்து அடுத்த சீசனுக்கான ஆள் எடுப்பு வதந்திகள் கிளம்பும் வரை நமக்கு வேறு வேலை கிடையாது. அந்த இடைவெளியில்தான் பழைய வீரர்களின் பெயர்களைத் தூசி தட்டி எடுக்கிறோம். 'ஏமாற்றிய லெவன்' என்று ஒன்று, 'வயசான லெவன்' என்று ஒன்று. ஆளுக்கு ஆள் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, அப்புறம் அதற்காகச் சண்டையும் போடுகிறோம். இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும். கோப்பை இல்லாத வருடங்களில் ரசிகனுக்கு மிஞ்சுவது இதுதானே.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பெயர்கள் ஒன்றாகவே இருக்கின்றன. வயசானவர் என்றாலே ஏமாற்றியவர், ஏமாற்றியவர் என்றாலே வயசானவர் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் போலிருக்கிறது. நம் கிளப்பின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதைக் கொஞ்சம் பேசத்தான் இந்த மடல்.

2014-இலிருந்தே தொடங்குவோம். இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) முதல் சீசன். ஒவ்வொரு அணியும் 'மார்க்கீ' என்று ஒரு பெரிய நட்சத்திர வீரரைக் காட்டியாக வேண்டிய காலம். டெல் பியரோ டெல்லிக்கு வந்தார், பிரெஸ் கோவாவுக்கு, டிரெஸகே புணேவுக்கு. நமக்கு எலானோ. வயது 33. 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக இரண்டு கோல் அடித்தவர், அதற்கு முன்பு மான்செஸ்டர் சிட்டியில் ஆடியவர். இங்கே வந்து 8 கோல் அடித்து, அந்த சீசனில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கிக்கொண்டு போனார். சுவரைத் தாண்டி இறங்கும் அவருடைய ஃப்ரீ கிக்குகளை நேரில் பார்த்தவர்கள் யாரும் வயதைக் கேட்கவில்லை. எலானோவை 'வயசான லெவன்' பட்டியல்களில் நான் பார்த்ததே இல்லை. காரணம் எளிது. நன்றாக ஆடியவரின் வயதை நாம் மறந்துவிடுகிறோம், சொதப்பியவரின் பிறந்த வருடத்தை மட்டும் தேடிப் பிடிக்கிறோம். தோற்றவர்களை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு, பாருங்கள் வயசானவர்கள் எல்லாம் தோற்றார்கள் என்றால் அதில் என்ன நியாயம்?

அதே 2014-இல் மிக்கேல் சில்வெஸ்டரும் இருந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டில் வருடக்கணக்கில் ஆடிய பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர், வயது 37. சீசன் நெடுக ஆடினார். இவரைப் பற்றி நல்லதாகவும் யாரும் பேசுவதில்லை, கெட்டதாகவும் பேசுவதில்லை. தடுப்பாட்டக்காரரின் தலையெழுத்து அப்படி. என் கணக்கில் 7.

இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்கள் மட்டராசிக்கும் நெஸ்டாவுக்கும் வருவோம், சண்டை அதிகம் நடப்பது அங்கேதான். மட்டராசி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தே வந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது, வயது 41. ஆட்டக்காரர் மட்டராசிக்கு 4-க்கு மேல் என்னால் போட முடியாது. ஆனால் அடுத்த வருடம் கோப்பையைக் கொண்டுவந்த பயிற்சியாளரும் அதே மனிதர்தான். அவரை எடுத்த முடிவுக்கு 4 போடுவீர்களா, 9 போடுவீர்களா? நெஸ்டா சீசனின் கடைசிப் பகுதியில் வந்தார். 38 வயது, முந்தைய வருடமே ஓய்வு அறிவித்தவர். நண்பன் மட்டராசி கூப்பிட்டதற்காக வந்து சில ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போனார். இதற்கு 2 போட்டிருப்பவர்களைப் பார்த்தேன். அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று தோற்றதை எல்லாம் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் ஆள் இல்லாமல் எடுத்த ஒருவரை முழு சீசன் வீரரைப் போல அளக்கக் கூடாது. உலகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் பெரியமேட்டு மைதானத்தில் ஆடும் நம் அணியின் சட்டையைப் போட்டார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மார்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

2015 நமக்குத் தெரிந்த கதை. 23 வயது மென்டோசா 13 கோல் அடித்தார். டிசம்பர் வெள்ளத்தால் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தையே புணேவுக்கு மாற்ற வேண்டி வந்தது. இறுதியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்றோம். அந்த அணியில் எலானோவும் இருந்தார் என்பதை 'இளமைதான் வழி' கோஷ்டிக்கு நினைவூட்டுகிறேன்.

அப்புறம் 2016. ஜான் ஆர்னே ரீஸா. நம் பட்டியல்களில் நிரந்தர இடம் பிடித்தவர். லிவர்பூலோடு 2005-இல் சாம்பியன்ஸ் லீக் வென்றவர், இங்கே வந்தபோது 36 ஆகிவிட்டது. நடப்பு சாம்பியனான நாம் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தோம். ரீஸாவுக்கு 3 போடுவதில் எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மென்டோசா போய்விட்டார், எலானோ போய்விட்டார். கோல் அடிக்கிறவரும் கோலுக்கு வழி பண்ணுகிறவரும் போன இடத்தில், போஸ்டரில் போட ஒரு பெரிய பெயரை, அதுவும் இடது பக்கத் தடுப்பாட்டக்காரரை, மார்க்கீயாகக் கொண்டுவந்தார்கள். 26 வயது ரீஸா வந்திருந்தாலும் அந்த அணி எத்தனை கோல் அடித்திருக்கும்? இங்கே குறைய வேண்டிய மார்க் ஆள் எடுத்தவர்களுடையது. நம் பட்டியலில் அவர்களுக்கு ஒரு கட்டமே கிடையாது.

மார்க்கீ கட்டாயம் போனதும் நம் கிளப் என்ன செய்தது என்று பாருங்கள். 2017-18-இல் பயிற்சியாளராக ஜான் கிரிகரி வந்தார். பிரைட்டனில் ஆடிய இனிகோ கால்டெரோன், 35 வயது. போஸ்டருக்கு உதவாத பெயர், வலது பக்கத்துக்கு மிகவும் உதவிய ஆள். இறுதி ஆட்டத்தில் பெங்களூரை அவர்களுடைய கண்டீரவா மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்திய அணியில் மெயில்சன் ஆல்வெஸின் இரண்டு கோலும் ரபேல் அகஸ்டோவின் ஒரு கோலும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கால்டெரோன் ஞாபகம் இருக்கிறதா? என் 'வயசான லெவன்' அணியின் கேப்டன் அவர்தான்.

அடுத்த சீசனில் அதே அணி கடைசி இடம். புதிதாக வந்த ஆர்லாண்டி, சாலோம் ஆகியோரை இன்றும் திட்டுகிறோம். சரி, திட்டலாம். ஆனால் அந்த வருடம் நம் இந்திய முன்கள வீரர் ஜேஜேவுக்கும் கோல் வரவில்லை, சாம்பியன்களாக இருந்த பழைய ஆட்களும் பாதி வேகத்தில்தான் ஓடினார்கள். நம்மவர் சொதப்பினால் 'ஃபார்ம் இல்லை', வெளிநாட்டுக்காரர் சொதப்பினால் 'ஃப்ளாப்'. இந்த இரட்டை அளவுகோலை முதலில் தூக்கிப் போட வேண்டும்.

என்னை இந்த மடலை எழுத வைத்தவரே மால்டாவிலிருந்து வந்த முன்கள வீரர் ஆந்த்ரே ஷெம்ப்ரிதான். எங்கோ ஒரு பட்டியலில் அவருக்கு 4 போட்டிருந்தார்கள், பக்கத்தில் '33 வயசு, ஓய்வு பெற வந்தவர்' என்று குறிப்பு வேறு. 2019-20 சீசனின் தொடக்கத்தை மறந்துவிட்டீர்களா? முதல் நான்கு ஆட்டத்தில் நாம் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் நம் ஊரில், ஹைதராபாத்துக்கு எதிராக. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் 0-0. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிங்கை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி அந்த சீசனின் முதல் கோலை அடித்தார். மைதானம் அலறி முடிப்பதற்குள் ஹைதராபாத்தின் கில்காலன் சமன் செய்தார். அவ்வளவுதான் என்று தலையில் கை வைத்தபோது நம் வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்து 2-1 ஆக்கினார். கிரிகரி போய் ஓவன் கோய்ல் வந்ததும், அந்த அணி இறுதி வரை போனதும், கோவாவில் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றதும் பிறகு நடந்தவை. வால்ஸ்கிஸுக்கு 15 கோல், அவரும் 32 வயதுக்காரர். கிரிவெல்லாரோ பந்தைக் கொடுக்க, ஷெம்ப்ரி இடத்தை உண்டாக்க, வால்ஸ்கிஸ் முடித்தார். ஷெம்ப்ரி உண்டாக்கிய அந்த இடம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. சீசன் முடிந்ததும் அவர் ஓய்வு பெற்றார், அது உண்மை. அதற்கு முன்னால் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். நான் 8 போடுகிறேன்.

2020-21 பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. கொரோனாவால் எல்லா அணிகளும் கோவாவில் அடைபட்டுக் கிடந்த சீசன். இருபது ஆட்டத்தில் பதினோரு டிரா, மொத்தமே 17 கோல். சில்வெஸ்டர் என்று பெயரிலேயே பழையவரை ஞாபகப்படுத்திய ஸ்லோவாக்கியர் யாக்குப் கோல் அடிக்கத் திணறினார். கிரிவெல்லாரோவுக்குக் காயம். அவருக்குப் பதிலாகப் பாதியில் வந்த லான்சரோட்டேவுக்கு 37 வயது. கோவா அணிக்காக அவர் கலக்கியது 2017-18-இல். இதுதான் என் அகராதியில் உண்மையான தவறான சைனிங். வயதுக்காக அல்ல. மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்து ஆள் எடுத்ததற்காக.

வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்ததும் இதே ரகம்தான். எல்லாரும் கொண்டாடினோம். பழைய வால்ஸ்கிஸ் வரவில்லை. அந்தப் பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 வாங்கியதுதான் மிச்சம். 2023-இல் கிரிவெல்லாரோவும் கோய்லும் திரும்பி வந்தபோது ஆறாவது இடம் பிடித்து ப்ளே ஆஃப் வரை போனோம். மறுவரவு என்பதும் சூதாட்டம்தான், அதற்குத் தனியாக ஒரு பட்டியல் போடலாம்.

இடையில் 2022-23-இல் நாசர் எல் கயாத்தி. 33 வயது, 9 கோல். காயம் இல்லாமல் முழு சீசன் ஆடியிருந்தால் எங்கே போயிருப்போம் என்று இன்றும் பேசுகிறோம். பாருங்கள், இவரையும் யாரும் வயசானவர் என்று சொல்வதில்லை!

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். முதல் சீசன்களில் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-இல் அது ஐந்தானது, 2021-இல் நான்கானது. ஆறில் ஒன்று சொதப்பினால் மற்ற ஐவர் சமாளிப்பார்கள். நான்கில் ஒன்று சொதப்பினால் அணியே நொண்டும். அதனால் 2014-இல் ஒருவருக்குப் போடும் 4-ம் 2022-இல் ஒருவருக்குப் போடும் 4-ம் ஒன்றல்ல. பிந்தைய 4-தான் நம்மை அதிகம் அடித்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வயது என்ற கட்டத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, இவரை எதற்காக எடுத்தார்கள், அந்த இடத்தில் அப்போது நமக்கு ஓட்டை இருந்ததா, கடைசியாக எப்போது ஒழுங்காக ஆடினார் என்று கேட்டு மார்க் போடுங்கள். வீரருக்கு ஒரு மார்க், எடுத்தவர்களுக்கு ஒரு மார்க். இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் பாதிச் சண்டை தீரும். மீதிச் சண்டை இருக்கட்டும்.

இந்திய வீரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களை நாம் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. 2025 ஜனவரியில் இளம் தடுப்பாட்டக்காரர் பிகாஷ் யும்னம் நம் பக்கத்து எதிரியான கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார், அங்கிருந்து 31 வயது பிரீதம் கோட்டால் இங்கே வந்தார். கோட்டால் மோகன் பகானுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன், அனுபவத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை ஒரு இளைஞர், அதுவும் யாரிடம் கொடுத்தோம் என்று பாருங்கள். வீரருக்கு எத்தனை, எடுத்தவர்களுக்கு எத்தனை என்று முதலில் இந்த மாற்றத்துக்குப் போட்டுப் பாருங்கள். நான் கோட்டாலுக்கு 6, எடுத்தவர்களுக்கு 3 போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்