எழுத்தியல் (டைப்போகிராஃபி) பாடத்தில் தமிழுக்கு நான்கு வாரம் கொடுங்கள்

கோலாலம்பூர், பினாங்கு பல்கலைக்கழகங்களின் வடிவமைப்புத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பாருங்கள். மலாய், சீனம், ஆங்கிலம் ஒழுங்காக நிற்கும். தமிழ் மட்டும் அங்கங்கே உடைந்திருக்கும். ‘கொடி’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போயிருக்கும், புள்ளிகளாலான வட்டம் ஒன்றில் துணைக்கால் தொங்கும். பட்டம் பெற்ற வடிவமைப்பாளர்களும் இப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

காரணம் எளிது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கமான யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அடுத்தும் பதிவாகும். திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பு லத்தீன் எழுத்துக்கானதாக இருந்தால் அந்த வேலை நடக்காது. விருப்பத்தேர்வுகளில் ‘டைப்’ பகுதிக்குப் போய் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்க வேண்டும். பிறகு பத்திப் பலகத்தின் பட்டியலில் எழுத்துகளை வரியாகக் கோக்கும் தெற்காசியக் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்ட்-ரெடி கம்போசர். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் வந்த உரையை முதலில் யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் எந்தக் கம்போசராலும் பயனில்லை.

கண்ணுக்குத் தப்பும் பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’யைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுவார்கள். அச்சில் வித்தியாசமே தெரியாது, கோப்பில் தேடினால் கிடைக்காது.

வரி இடைவெளியில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மென்பொருள் தானாகத் தரும், எழுத்தளவில் 120 விழுக்காடு இடைவெளி ஆங்கிலத்துக்குச் சரி. தமிழிலோ மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘ழு’, ‘ஞ’, ‘று’ போன்றவற்றின் வால்களும் மோதிக்கொள்ளும். 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 அல்லது 15 பாயிண்ட் விடச் சொல்லுங்கள். தடித்த வகை இல்லாத எழுத்துருவுக்கு ஓரக்கோடு போட்டுத் தடிமனாக்க விடாதீர்கள். ‘ண’, ‘ஞ’ இரண்டிலும் உட்சுழிகள் அடைத்துக்கொள்ளும். கேட்டமரன் எழுத்துருவில் ஒன்பது தடிமன்கள் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தக் குறுக்குவழி எதற்கு?

இந்த நான்கு வாரப் பாடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முதல் வாரம் 12 உயிர், 18 மெய்யைப் பட்டைத் தூரிகையால் பெரிதாக வரையட்டும். எங்கே சுழிக்கிறது, எங்கே கோடு நேராக இறங்குகிறது என்பது கைக்குப் பிடிபடும். அடுத்த இரண்டு வாரம் மும்மொழிச் சுவரொட்டி. அதில் எழுத்தளவின் எண்ணை நம்பாமல், ‘ப’வின் உயரத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தோடு வைத்துப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். கடைசி வாரம் தாளில் அச்சிட்டு, தமிழ் தெரிந்த ஒருவரிடம் பிழை திருத்தம்.

1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்த நாடு இது. சொல்லித் தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

தேர்வுக்கு ஒரு வரி போதும்: ‘கொடி, கௌரி, ஸ்ரீ, ஞாழல், தூண்.’ 6 பாயிண்டில் அச்சிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ் எழுத்துருவோடு அன்றாடம் மல்லுக்கட்டும் கோலாலம்பூர் வடிவமைப்பாளர்கள் சிலர்