செஞ்சி ஆயாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அப்பா நேற்றுச் சாயந்திரம் இரண்டு இட்லி சாப்பிட்டார். சட்னியில் காரம் போதவில்லை என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்க நானும் அம்மாவும் ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை மலையில் அப்பாவுக்கு நேர்ந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கூட நடந்து வந்தவர்கள், கயிற்றுக்கட்டிலில் அப்பாவைப் பாறை பாறையாகச் சுமந்து இறக்கிய ஊர்ப் பையன்கள், திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி வரும்வரை அப்பா கையை விடாத 108 தம்பி, டாக்டர்கள், நர்ஸ் அக்காக்கள், இரவோடு இரவாக ரத்தம் கொடுக்க வந்த லாஸ்பேட்டை நண்பர்கள், அம்மாவுக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இந்த மடலில் மிச்சம் இருக்கும் இடம் ஒரு ஆயாவுக்கு.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களைச் சுற்றி ஓடிப் பிடித்து வளர்ந்தவர் அப்பா. அவை செஞ்சியிலிருந்து வந்த தூண்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து 1761 வரை கையில் வைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்ததிலிருந்து, "தூண் புறப்பட்ட இடத்தை ஒரு தடவை பார்த்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரையும் போல ராஜகிரியை மட்டும் ஏறி இறங்குவதில் அவருக்கு இஷ்டமில்லை. கிருஷ்ணகிரி, சந்திரகிரி, ராஜகிரி என்று மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலை ஒட்டியே ஒரு சுற்று வரவேண்டும். மதில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி உச்சியில் நின்று எதிரே ராஜகிரியைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அதனால்தான் "ஏன் கூட்டிக்கொண்டு போனாய்" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

அப்பாவுக்கு அது நேர்ந்த சந்திரகிரிப் பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது. வீடு அளவுக்கு உருண்டு கிடக்கும் பாறைகள், நடுவில் முள்காடு, அங்கங்கே சரிந்த மதில். போனில் சிக்னல் இல்லை. முன்னால் போனவர்கள் மதில் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்கள். தங்கை அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் ரோட்டுக்கு ஓட வேண்டும். என் ஷூவின் அடிப்பாகம் பசை விட்டு முழுசாகக் கழன்று போயிருந்தது.

அப்போது ஆடுகளோடு வந்த ஆயா எதுவும் கேட்கவில்லை. யார், எந்த ஊர், என்ன ஆச்சு, ஒன்றும் இல்லை. அப்பாவைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார்.

"போட்டுக்க கண்ணு."

"உங்களுக்கு ஆயா?"

"நட, நட."

ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு எனக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்தார். நடை இல்லை, ஓட்டம். பாறைக்கும் பாறைக்கும் நடுவே எனக்குக் கண்ணில் படாத ஒற்றையடிப் பாதை அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. ரோட்டுக்கு வந்து, போன் பேசி முடித்துத் திரும்பினால், ஆயா ஒரு கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தார். ஒரு கருவேல முள், அப்புறம் இன்னொன்று, மூன்றாவது உள்ளேயே முறிந்திருந்தது. எச்சில் தொட்டுத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பிடுங்கினார். "அப்பாருக்கு ஒண்ணும் ஆவாது, போ" என்றார்.

"நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள்" என்று டாக்டர் சொன்னார். அந்த நேரம் ஆயா கொடுத்தது. நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட அதில் சில நிமிடம் போயிருக்கும். ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்கூடக் கேட்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நர்ஸ், "செருப்பை வெளியே விடுங்க" என்றபோதுதான் அவருடைய செருப்போடு புதுச்சேரி வரைக்கும் வந்துவிட்டது உறைத்தது. டயர் செருப்பு. இடது வாரைப் பச்சை நைலான் கயிற்றால் தைத்திருக்கிறார். அம்மா அதைக் கழுவித் துடைத்து, வாசலில் போடாமல் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

இந்த ஞாயிறு செஞ்சிக்குப் போகிறேன். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன், ஆயாவைப் பார்க்கும்வரை போவேன். அந்தச் செருப்பையும் புதிதாக ஒரு ஜோடியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். கடையில் அளவு கேட்டார்கள். என் காலைத்தான் நீட்டினேன். ஆயாவின் செருப்பு எனக்குச் சரியாக இருந்தது.