மலை மாடுகளின் பனிக்காலத் தீவனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் எங்களில் சிலர், ஈஸ்டர் சமயத்தில் இறைச்சிக்கு விற்பதற்காக எருமைக் கிடாக்கன்றுகளை வளர்த்து வருகிறோம். மலையாளத்தில் போத்துக்குட்டி என்பார்கள். மழைக்காலத்தில் புல்லுக்குப் பஞ்சமே இல்லை. மார்கழியில் உறைபனி இறங்கிவிட்டாலோ, விடியற்காலையில் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் மேய்ச்சல் நிலம், இரண்டு மூன்று நாள் வெயிலில் கருகி, கன்று முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும் நிலைக்கு வந்துவிடுகிறது.

அதன் பிறகு வைக்கோல்தான் கதி. அது கம்பம் பக்கமிருந்து போடிமெட்டு வழியாக லாரியில் ஏறி வர வேண்டும். ஏற்றுகூலி, வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து, சென்ற தை மாதம் நான் கட்டு ஒன்றுக்கு அடிவாரத்து விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் சில கட்டுகளின் நடுவே பூஞ்சணம். 200 கிலோ எடையுள்ள ஒரு கிடாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ உலர் தீவனம் வேண்டும். 60 நாளுக்கு அது 300 கிலோ. பச்சைப் புல்லாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரை டன். முதுகில் சாக்கைப் போர்த்தினாலும் மயிர் சிலிர்த்து நடுங்கும் கன்றுக்கு, உடற்சூட்டைக் காக்க இதற்கு மேலும் தேவைப்படும். கிடைக்காவிட்டால் மழைக்காலத்தில் ஏறிய சதை தையில் இறங்கிவிடுகிறது.

பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் கனடாவின் ஆல்பர்ட்டா போன்ற பகுதிகளில், இறைச்சி மாடு வளர்ப்போருக்குக் குளிர்காலத் தீவனமே பெருஞ்செலவு. அதைக் குறைக்க அங்கே பலர் ஓட்ஸையும் பார்லியையும் பிந்தி விதைத்து, இலையுதிர் காலத்தில் அறுத்து வரிசையாக வயலிலேயே விட்டு, மின்வேலியை நகர்த்திக்கொண்டே மாடுகளைப் பனிக்குள் மேய விடுகிறார்கள். அந்த முறை நமக்கு ஒத்துவராது. புல் இருக்கும்போதே பனிக்காலத்துக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம்தான் நமக்கு வேண்டும்.

இங்கே விடாத மழையில் புல்லை உலர்த்த முடியாது. ஆகவே ஊறுகாய்ப் புல்தான் வழி. நேப்பியர் புல்லை நறுக்கி, சற்று வாடவிட்டு, வெல்லப்பாகு தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மூடிவைத்தால் 45 நாளில் தயாராகிவிடும். மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள மறையூரில், கரும்பு வெட்டும்போது கழிக்கும் கொழுந்தாடையையும் இப்படிப் பதப்படுத்தலாம்.

இதற்குப் புல் நறுக்கும் இயந்திரமும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களும் வேண்டும். லயத்து வீட்டில் இரண்டு கன்று வைத்திருப்பவரால் தனியாக வாங்க இயலாது. எங்கள் பகுதியில் பால் ஊற்றுவோருக்குச் சங்கத்தில் தீவனம் கிடைக்கிறது. கிடா வளர்ப்போர் சேருவதற்கு ஒரு சங்கமும் இல்லை. ஆகவே கால்நடைத் துறையும் பஞ்சாயத்துகளும் லயங்கள்தோறும் ஒரு பொது இயந்திரத்தை ஆவணிக்குள் வழங்கவும், கார்த்திகை முடிவதற்குள் மூணாறில் ஒரு வைக்கோல் கிடங்கைத் திறக்கவும் வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிடா வளர்ப்போரில் ஒருவர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.