ஓடுபாதையே சொல்லும் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூடப்பட்ட சிறிய தனியார் விமானத் தளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், யார் கட்டினார், எந்த ஆண்டு மூடினார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் மூட நேர்ந்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் தரையிலேயே கிடக்கிறது. காங்கிரீட்டைப் பெயர்ப்பதற்கு முன் அதை அளந்து, படம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

முதலில் ஓடுபாதையின் முனையில் உள்ள எண். 09 என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 90 பாகை. மறுமுனையில் 27 இருக்கும். காந்த வடக்கு மெல்ல நகர்வதால் பழைய எண் இன்றைய திசைகாட்டியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். உடனே எண் தவறு என்று முடிவு கட்டக் கூடாது. லண்டனுக்கு அருகேயுள்ள ஸ்டான்ஸ்டெட்டிலேயே 2009இல் 05/23ஐ 04/22 என்று மாற்றி எழுதினார்கள்.

எண்ணைவிட முக்கியம் அம்புக்குறிகள். முனையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு குறுக்குக் கோடும், அதை நோக்கி வெள்ளை அம்புகளும் இருந்தால், இறங்கும் இடத்தை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் விமானம் தாழ்ந்து வரும் வழியில் மரமோ மின்கம்பியோ உயர்ந்திருக்கும். சிறிய தளங்களில் இந்த வழிக்கு வழக்கமான சரிவு 20க்கு 1, அதாவது 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம். ஆகவே, தடையாக நிற்கும் மரம் 1 மீட்டர் வளர்ந்தால் இறங்கும் நீளத்தில் 20 மீட்டர் போய்விடும். 5 மீட்டர் வளர்ந்தால் 100 மீட்டர். 600 மீட்டர் ஓடுபாதையில் அது ஆறில் ஒரு பங்கு! மரம் நிற்பதோ பக்கத்து நிலத்தில். தன் எல்லைக்குள் ஒரு கல்கூட நகராமலே தளம் சுருங்கிக்கொண்டே வரும். வரலாற்றில் கட்டாயம் எழுத வேண்டியது இதுதான்.

மூடிய ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறி வரைவார்கள். சர்வதேச விதிப்படி ஓடுபாதையில் வெள்ளை, டாக்சிவேயில் (ஓடுபாதைக்கு விமானம் ஊர்ந்து போய்வரும் பாதையில்) மஞ்சள். அதைப் பூசிய நாளையே கடைசி விமானம் கிளம்பிய நாளாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. விமானிகளின் லாக் புத்தகத்தில் தேதி, விமானத்தின் பதிவெண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம் எல்லாம் இருக்கும். அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் தேதியை எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் தொட்டியும் பம்பும் இருந்த இடத்தைக் கட்டாயம் படத்தில் குறித்துவைக்க வேண்டும். சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். அந்த மண்ணைச் சோதிக்காமல் அங்கே கிணறு வெட்டவோ பயிர் வைக்கவோ கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்