வாலிபால் அணிக்கும் ஒரு ஆபரேஷன்ஸ் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) அணிக்கு முன்னாள் வீரர் ஆண்ட்ரூ லக்கைப் பொது மேலாளராக்கியதை விரிவாக எழுதியிருந்தீர்கள். அணியை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஆபரேஷன்ஸ் இயக்குநர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேற்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெண்கள் வாலிபால் அணிக்கு அந்த வேலையைப் பார்ப்பவள் நான்.

விமானம், பேருந்து, ஹோட்டலில் யாருக்கு எந்த அறை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்குத் தனிச் சாப்பாடு, செலவு ரசீதுகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. சீசனில் ஒருவருக்குப் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. அந்தக் கணக்கையும் நாங்கள்தான் வைக்கிறோம். பயண நேரம் அதில் சேராது.

இப்போது பெரிய சிக்கலே அந்தப் பயணம்தான். 2024-ல் மேற்குக் கரையின் யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஆரெகன், வாஷிங்டன் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும், நாட்டின் நடுப்பகுதிக் கல்லூரிகள் நிறைந்த பிக் டென் என்ற போட்டிக் கூட்டமைப்புக்குப் போயின. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிழக்குக் கரைக் கல்லூரிகள் நிறைந்த ஏசிசி கூட்டமைப்புக்குப் போயின. ஃபுட்பாலின் தொலைக்காட்சிப் பணத்துக்காக எடுத்த முடிவு. ஃபுட்பாலுக்கு வாரம் ஒரு ஆட்டம், பெரும்பாலும் தனி விமானம். வாலிபால் பெண்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட, சாதாரண விமானத்தில் மாறி மாறி ஏறி நாட்டின் மறுகோடிவரை போகிறார்கள்.

போன அக்டோபரில் எங்கள் இணைப்பு விமானம் ரத்தாகிவிட்டது. மறுநாள் காலை ஒரு பெண்ணுக்கு வேதியியல் தேர்வு. பேராசிரியரிடம் பேசி, ஹோட்டலின் சின்னக் கூட்ட அறையில் அவளை உட்கார வைத்து, நானே கண்காணித்தேன். கைக்கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, மொத்த அணிக்கும் வேறு டிக்கெட் கேட்டு விமான நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத அணியில் இதையெல்லாம் உதவிப் பயிற்சியாளர்தான் செய்ய வேண்டும். அப்புறம் அவர் எப்போது பயிற்சி கொடுப்பது?

2025 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயம்தான். ஆனால் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது. எங்கள் வளாகத்தில் டென்னிஸுக்கும் கோல்ஃபுக்கும் பொதுவாக இருந்த ஒரே ஆபரேஷன்ஸ் பதவியைச் சிக்கனம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளை டென்னிஸ், நீச்சல் என்று கல்லூரி அணிகளுக்குத் தயார்செய்கிறார்கள். வளாகம் பார்க்கப் போகும்போது, உதவித்தொகை எவ்வளவு என்பதோடு, இந்த அணியின் பயணத்தையும் தேர்வுகளையும் யார் கவனிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பயிற்சியாளர் ஒரு பெயரைச் சொல்லத் தயங்கினால், அந்த அணிக்கு ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கலிஃபோர்னியா